அக்கா சொன்ன சளி

நான் இப்போது சொல்லப்போவதை நானே பல வருஷமாக நம்பியதில்லை, தம்பி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் அக்கா சொன்ன விவரம். நான் கண்ணால் பார்த்தது இல்லை. அவள் போனில் சொன்ன நாளிலிருந்தே அதில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. நான் எதையும் திருப்பித் திருப்பி யோசிக்கிற ஆள். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவதை நான் விடமாட்டேன். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று இந்த ஐம்பத்தைந்து வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கைக்குழந்தைகள் படுத்திருக்கிற வார்டு இது. இங்கே இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டீர்கள். உங்கள் பையனுக்கு உதடு மட்டும்தான். என் மகள் தீபிகாவுக்கு உதடும் பிளவு, மேல்வாயும் பிளவு. உதட்டை உரிய காலத்தில் தைத்தார்கள். மேல்வாயை உரிய காலத்தில் தைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இங்கே இருக்கிறோம். காலையில் உள்ளே கூட்டிப்போனார்கள், இன்னும் வரவில்லை. அதோ, ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் மனைவி சாந்தாமணி. நாற்காலி இருக்கிறது, உட்காரமாட்டேன் என்கிறாள். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

எனக்குத் திருச்செங்கோடு. பெயர் நாச்சிமுத்து. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் அது தெரிந்த தொழில். வண்டி ஒரு முறை கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்க்கொண்டே இருக்கும். மழை தொடங்கினால்தான் ஊர் திரும்பும். தீபிகா பிறந்தபோது நான் ராய்ப்பூர் பக்கம் ஒரு காட்டில் இருந்தேன். டவுனுக்கு டீசல் வாங்க வந்தபோது பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள்.

அக்கா பெயர் பாவாயி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமா செத்துப்போனார், குழந்தை இல்லை, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். என் குடித்தனமும் அவளுடைய குடித்தனமும் ஒரே அடுப்பில்தான். அவள் போனில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “பொண்ணு பொறந்திருக்குது தம்பி. ஒதட்டுல கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி இருக்குது. தெச்சுப்புடலாங்கறாங்க. நீ ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்காத.” துணி கிழிந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஊரில் சும்மா இருப்பார்களா? கிரகணத்தன்றைக்கு சாந்தாமணி என்னத்தையோ அரிந்துவிட்டாள், அதனால்தான் இப்படி என்று பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்திருக்கிறாள். அக்கா அவளை வாசலில் நிற்க வைத்து, “அன்னைக்கு நீ சொரக்கா அரிஞ்சியே, நானுந்தான் பாத்தன். உன்ற பையனுக்கு எங்க கிழிஞ்சிருக்குது, மூளையிலயா?” என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு கிரகணப் பேச்சு எங்கள் வீதியில் எழவில்லை. அக்கா அப்படிப்பட்டவள். ஆனால் வீட்டுக்குள் அவளுக்கும் சாந்தாமணிக்கும் ஒரு நாள் ஒத்துப்போனதில்லை. உப்புக்குச் சண்டை, மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதற்குச் சண்டை. நான் ஊருக்கு வந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் முறையிடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் தப்புக் கணக்குப் போட்டது இங்கேதான்.

குழந்தையை நான் பார்த்தபோது அதற்கு இரண்டு மாதம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் மேல்வாயும் திறந்திருந்தால் அது வேறு மாதிரி. குழந்தையால் உறிஞ்ச முடியாது. மார்பில் வைத்தால் வாயில் காற்றுப் பிடிப்பு இல்லாமல் நழுவிக்கொண்டே இருக்கும். சாந்தாமணி பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். தும்மினால் பால்தான் தெறிக்கும். ஒரு தடவை புகட்டி முடிப்பதற்குள் அடுத்த தடவைக்கு நேரமாகிவிடும். அவள் அந்த மாதங்களில் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் குழந்தைக்குப் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. நான் பதறிப்போய் பாலாடையைப் பிடுங்கிச் சுவரில் வீசினேன். வெள்ளிப் பாலாடை, மூக்கு நசுங்கிவிட்டது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை, கை நீட்டியதும் இல்லை. மறுநாளே புதிது வாங்கிவந்தேன். சாந்தாமணி புதியதைத் தொடவில்லை. நசுங்கியதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி அதிலேயே புகட்டினாள். அப்படி ஒரு பிடிவாதம்.

உதட்டு ஆபரேஷனுக்கு நானும் வந்திருந்தேன். உங்களுக்குச் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொன்னார்கள். எடை ஐந்து கிலோவாவது வேண்டும், ரத்தம் பத்து பாயிண்டாவது இருக்க வேண்டும், சளி இருமல் கூடாது. எங்கள் குழந்தை ஐந்தைத் தொட என்ன பாடுபட்டது. ஒவ்வொரு வாரமும் அரிசிக் கடைத் தராசில் படுக்கவைத்துப் பார்ப்போம். தொட்ட அன்றைக்கு அக்கா கடைக்காரருக்கு வெல்லம் கொடுத்தாள்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு காகிதத்தில் வயிற்றையும் நுரையீரலையும் படம் போட்டுக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பால் இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழந்தை பிழைக்காமலும் போகலாம். அழும், கதறும், கொடுத்துவிடாதீர்கள் என்றார். அதை நான் மட்டும்தான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று எனக்குத் தோன்றியது. பெண்களுக்கு இளகிய மனசு இல்லையா.

இருங்கள் தம்பி. உங்கள் மாமியார் அந்தப் பையில் பால் பாட்டில் வைத்திருக்கிறார். நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள். பையை இப்படி என் பக்கத்தில் வையுங்கள். கேட்டால் அந்தப் பெரியவர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று என் மேல் பழியைப் போடுங்கள். பையன் இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும். சரிதானே? நல்லது.

எங்கே விட்டேன்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்து அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அடுத்தது மேல்வாய் ஆபரேஷன், ஒரு வயதை ஒட்டி வரும், அதற்கு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை மறக்கக்கூடாது என்றேன். யாராவது மறந்து குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் நான் மனுஷனாக இருக்கமாட்டேன் என்றும் சொன்னேன். கடுமையாக ஒரு வார்த்தை சொன்னால்தான் மனதில் நிற்கும். நீங்களும் தகப்பன், உங்களுக்குத் தெரியும்.

மேல்வாய்க்குத் தேதி கொடுத்தது மாசி மாதம். ரிக் தொழிலில் அதுதான் சீசன். முதலாளி விடவில்லை. விடவில்லை என்றால், நான் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அக்கா இருக்கிறாள், ஒரு தடவை ஆஸ்பத்திரியைப் பார்த்தாகிவிட்டது, வழி தெரியும். கிளம்புகிற அன்றைக்கு வண்டி ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனேன். “ஆபரேஷன் பண்ணாமத் திரும்பி வந்தீங்கன்னா ரெண்டு பேரும் என்ற மூஞ்சீல முழிக்க வேண்டாம்.” அவர்களுக்கு ஒரு பொறுப்பு வரட்டும் என்றுதான். அக்கா சிரித்தாள். “உன்ற மூஞ்சியென்ன சாமி செலையா, போடா” என்றாள். சாந்தாமணி சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் போன் போட்டேன். அக்கா எடுத்தாள். “புள்ளைக்குச் சளி புடிச்சுக்கிச்சு தம்பி. நெஞ்சுல கரகரங்குதுன்னு மயக்க மருந்து டாக்டரு ஆகாதுன்னுட்டாரு. வந்துபோட்டோம்.” சாந்தாமணியைக் கூப்பிடு என்றேன். குழந்தையைத் தூங்கவைக்கிறாள் என்றாள் அக்கா. நான் எதுவும் திட்டவில்லை. இனிமேல் நான் வராமல் யாரும் குழந்தையை எங்கேயும் தூக்கிப்போகக் கூடாது, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேறு என்ன சொல்வது? இரண்டு பேரை நம்பி அனுப்பி அது நடக்கவில்லை. மூன்றாவது ஆள் நான்தானே.

மழை தொடங்கியதும் ஊருக்கு வந்தேன். வந்ததும் சாந்தாமணியைக் கேட்டேன். “புள்ளைக்குச் சளி புடிச்சுக்கிச்சு. நெஞ்சுல கரகரங்குதுன்னு மயக்க மருந்து டாக்டரு ஆகாதுன்னுட்டாரு” என்றாள். கவனித்தீர்களா? அக்கா சொன்ன அதே வார்த்தை, அதே வரிசை. உப்பு போதுமா போதாதா என்பதில் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார்கள்.

ரிக் வண்டியில் இது எனக்குப் பழக்கமான விஷயம். பாறையை உடைக்கிற ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொண்டு போய்விட்டால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். அது பெரிய நஷ்டம். அப்போது பையன்கள் எல்லாரும் டீக்கடையில் கூடி ஒரே கதையைப் பேசி வைத்துக்கொள்வார்கள். பாறை வெடிப்பு, மண் சரிவு என்று. ஆளாளுக்குக் கேட்டாலும் ஒரே மாதிரி வரும். ஒரே மாதிரி வந்தாலே பொய் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். நிஜமாக நடந்ததை இரண்டு பேர் சொன்னால் கொஞ்சமாவது மாறும்.

வீட்டில் தேடினேன். சளிக்கு ஒரு மருந்து பாட்டில்கூட இல்லை. நெஞ்சு கரகரத்த குழந்தைக்கு மருந்து எழுதிக் கொடுக்காமலா அனுப்பியிருப்பார்கள்?

அக்காவைத் தனியாகக் கேட்டேன். சளி என்றாள். சாந்தாமணியைத் தனியாகக் கேட்டேன். சளி என்றாள். இன்னும் அழுத்திக் கேட்டபோது, “உங்கக்காவக் கேட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. அக்காதான் ஏதோ செய்திருக்கிறாள், சாந்தாமணி அவளுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறாள் என்று முடிவுக்கு வந்தேன். யோசித்துப் பாருங்கள். வீடு அக்கா கையில். இவள் வந்த பெண். குழந்தை அழுதால் அக்காவுக்குத் தாங்காது, எனக்குத் தெரியும், என்னையே அப்படித்தான் வளர்த்தாள். பாலைக் கொடுத்திருப்பாள், ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அல்லது நாள் சரியில்லை, நட்சத்திரம் சரியில்லை என்று ஏதாவது சொல்லித் திரும்பக் கூட்டிவந்திருப்பாள். எது என்று மட்டும்தான் தெரியவில்லை.

வளர்த்தவளை எப்படித் திட்டுவது? கட்டியவளை எப்படி நம்பாமல் இருப்பது? இரண்டு சுவருக்கு நடுவில் நிற்கிற மாதிரி நின்றேன் தம்பி. ஒரு பக்கமும் நகர முடியாது. நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அதுதான் என் வழக்கம். கோபம் வந்தால் பேசமாட்டேன், வீட்டில் சாப்பிடமாட்டேன். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. தட்டைப் போட்டு வைத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருப்பார்கள். எடுத்து மூடி வைப்பார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் நான் செய்யவில்லை.

சாந்தாமணி ஒரு தடவை, மறுபடி கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லு, அப்புறம் கூட்டிப்போகலாம் என்றேன்.

ஆமாம், நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். உண்மை எதுவாக இருந்தால் என்ன, அடுத்த மாதமே கூட்டிப்போயிருக்கலாமே என்று. உங்களுக்குத் தொழில் தெரியாததால் கேட்கிறீர்கள். ஒரு குழியில் ஹேமர் ஏன் மாட்டியது என்று தெரியாமல் அதே குழியில் இன்னொரு ஹேமரை எந்த டிரில்லரும் இறக்கமாட்டான். காரணம் தெரிய வேண்டும். தெரியாமல் இறக்கினால் அதுவும் போகும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என்னுடைய குழந்தை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கச் சொல்கிறீர்களா?

பிறகு வண்டி கிளம்பியது. அடுத்த மழைக்கு வந்து கேட்டேன், அதே சளிப் பதில்தான். அந்த வருஷம்தான் அக்காவை விட்டுத் தனியாக வந்தோம். திருச்செங்கோட்டுக்குள்ளேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் சாந்தாமணி பயமில்லாமல் சொல்லுவாள் என்று நினைத்தேன். சாமான்களை ஏற்றும்போது சாந்தாமணி அழுதாள். எனக்குப் புரியவில்லை. தினமும் சண்டை போட்டவள், விட்டுப் போவதற்கு எதற்கு அழுகிறாள்? அக்கா வாசல் வரைக்கும் வந்து குழந்தையை வாங்கி ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றம் செய்தவள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான்.

குழந்தை பேச ஆரம்பித்தது. மேல்வாய் திறந்திருந்தால் பேச்சு எப்படி வரும் என்று இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா உங்களுக்குச் சொல்லுவார். ‘அம்மா’ நன்றாக வரும், மூக்கில் வருகிற எழுத்து இல்லையா. ‘அப்பா’ வராது. காற்றை வாய்க்குள் அடக்கினால்தானே ‘ப்பா’ வரும்? அதுவும் ‘அம்மா’ மாதிரியேதான் வந்தது. தன் பெயரைச் சொன்னால் ‘நீமிங்ஙா’. சாந்தாமணிக்கு எல்லாம் புரியும். எனக்குப் புரியாது. வருஷத்தில் மூன்று மாதம் வீட்டில் இருப்பவனுக்கு எப்படிப் புரியும்? போனில் அவள் ஏதோ ஆசையாகச் சொல்லுவாள். நானும் கொஞ்ச நேரம் உம் கொட்டிவிட்டு, “அம்மாகிட்டக் குடு கண்ணு” என்பேன். பிறகு அவளே, நான் சொல்வதற்கு முன்னால் போனை அம்மாவிடம் கொடுக்கப் பழகிக்கொண்டாள். புத்திசாலிக் குழந்தை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு ஒரு டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். வகுப்பில் பையன்கள் இவளை மாதிரி மூக்கால் பேசிக் காட்டுகிறார்கள், இவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள், இன்னும் ஆபரேஷன் செய்யாமல் இருப்பது சரியில்லை என்று. அந்த மழைக்குத்தான் நானே கூட்டிக்கொண்டு வந்தேன். ஆறு வயது. நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் பேச்சு அதற்குள் ஒரு தடத்தில் இறுகிப்போயிருந்தது. பயிற்சிக்கு மாதாமாதம் வரச் சொன்னார்கள். சாந்தாமணிதான் கூட்டிவந்தாள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, மேஜைமேல் காகிதத் துண்டுகளைப் போட்டு ஊதச் சொல்லி, ‘ப்பா, ப்பா’ என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில். ஒரு நாள் காகிதம் நகர்ந்தது என்று சாந்தாமணி போனில் சொன்னாள். நான் ஹேமர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

இப்போது தீபிகா ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். பேசினால் பழகியவர்களுக்குப் புரியும். போன் அடித்தால் மற்றவர்கள் எடுப்பார்கள், இவளுக்குக் கொடுக்கமாட்டார்கள். நாலு மாதத்துக்கு முன் அவளே இங்கே வந்து மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். மேல்வாயின் பின்பகுதி குட்டையாக இருக்கிறது, தொண்டையை எட்டவில்லை, காற்று மூக்குக்குப் போகிறது, இன்னொரு ஆபரேஷன் செய்தால் குறையும், முழுசாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் எனக்குச் சொன்னாள். அதுவும் அவள் சொல்லவில்லை, அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவளே நேராகப் பதில் சொன்னாள். “நீங்க போன்ல அம்மாவக் கேக்காம எங்கூடப் பேசணும்ப்பா.” அதை ஒரு தடவையிலேயே புரிந்துகொண்டேன்.

நேற்று சாயங்காலம் அட்மிஷன் போட்டோம். நர்ஸ் வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரிடமும் சொல்வதுதான். நான் கீழே போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது சாந்தாமணி அறையில் இருந்த எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிஸ்கட், ஆரஞ்சு, ஃபிளாஸ்க், எனக்கு வாங்கி வைத்த பன், பக்கத்துக் கட்டில்காரர்களின் வாழைப்பழம்கூட. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கீழே செக்யூரிட்டியிடம் கொடுக்கப்போகிறேன் என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் முறைக்கிறார். தீபிகா சிரிக்கிறாள். நான் என்ன கைக்குழந்தையா, எடுத்துத் தின்றுவிடுவேனா என்று கேட்கிறாள்.

சாந்தாமணி சிரிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் கதவுக்கு வெளியே இருந்தது அவளுக்குத் தெரியாது. “எனக்கு என்ற கைமேல நம்பிக்கை இல்ல கண்ணு” என்றாள். “அன்னைக்கு நீ அழுத அழுகைக்கு…” அதோடு நிறுத்திவிட்டாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன் தம்பி. வண்டிக்கு முன்னால் வந்துவிட்ட ஆடு ஹெட்லைட்டில் நிற்குமே, அப்படி நின்றாள். மருந்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் தீபிகாவை உள்ளே கூட்டிப்போன பிறகு, நீங்கள் வந்து இந்த பெஞ்சில் உட்கார்வதற்குச் சற்று முன்னால், மாடிப்படிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். நானாக அவளுக்குப் போன் போட்டு எத்தனையோ காலமாகிறது. எடுத்ததும், “புள்ளைய உள்ள கூட்டீட்டுப் போயாச்சா?” என்றாள். ஆச்சு என்றேன். “சாந்தாமணி சாப்ட்டாளா?” என்றாள். இல்லை என்றேன். பிறகு நேராகவே கேட்டேன். அன்றைக்குப் பால் கொடுத்தது சாந்தாமணியா என்று.

“இத்தன நாள் கழிச்சு எதுக்கு தம்பி அது” என்றாள் அக்கா. நான் விடவில்லை. அதற்குப் பிறகு சொன்னாள். முதல் தடவையாக வார்த்தைகள் வேறு மாதிரி வந்தன.

அன்றைக்கு இவர்களுக்கு முன்னால் இருந்த குழந்தைக்கு ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. தீபிகா பசியில் கதறிக் கதறித் தொண்டை கட்டிவிட்டது. தூக்கி நடந்தார்கள், பாடினார்கள், வெளியே காக்கையைக் காட்டினார்கள். எதற்கும் அடங்கவில்லை. அக்கா முகம் கழுவப் போய்விட்டு வந்தபோது இரண்டு பேரையும் காணோம். தேடிக்கொண்டு போனால், படிக்கட்டுக்கு அடியில் சாந்தாமணி உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை மடியில். கையில் அந்த நசுங்கிய பாலாடை. குழந்தை அடங்கிவிட்டது, இவள் அழுதுகொண்டிருக்கிறாள். கொஞ்சம்தான் கொடுத்தேன், கொஞ்சம்தான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அக்காவுக்கு நான் போட்டுக் காட்டிய படம் நினைவுக்கு வந்திருக்கிறது. குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஓடிப்போய் நர்ஸிடம் அவளேதான் சொல்லியிருக்கிறாள், குழந்தை பால் குடித்துவிட்டது என்று. சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். டாக்டர் திட்டவில்லையாம். நல்லவேளை சொன்னீர்கள் அம்மா, இது நடக்கிறதுதான், அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாராம்.

அடுத்த வாரம். அக்கா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இப்போதைக்குச் சளி என்று சொல்லுவோம், அடுத்த வாரம் போய் முடித்துக்கொண்டு வந்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று. ஊர் நெருங்கி, சங்ககிரி வரும் வரைக்கும் அந்த வாக்கியத்தை இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்களாம். மறுநாள் நான் போன் போட்டேன். நான் வராமல் குழந்தையை எங்கேயும் தூக்கிப்போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

“அப்பறம் நீ அவளத் தனிக்குடித்தனம் கூட்டீட்டுப் போறேன்னுட்ட. சரி, பழி எம்மேலயே இருந்துட்டுப் போவுட்டும்னு உட்டுட்டன்” என்றாள். “அவ ஒரு நாள் உங்கிட்டச் சொல்லிப்போடறேன்னு கெளம்புனா. நாந்தான் வேண்டாம்னு புடிச்சு உக்கார வெச்சன். நான் உன்ற அக்கா, என்னைய என்ன பண்ணிருவ. அவ எங்க போவா.”

அக்கா இதைக் குறையாகச் சொல்லவில்லை தம்பி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் படியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். யார் யாரோ ஏறி இறங்கினார்கள். எனக்குத் தெரிய வேண்டும் என்று வருஷக்கணக்காக அலைந்தது தெரிந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்கா, சரி தம்பி, சாந்தாமணியை ஒரு வாய் காப்பியாவது குடிக்கச் சொல்லு என்று போனை வைக்கப் போனாள். வைக்காதே என்றேன்.

“ஏங்க்கா,” என்று கேட்டேன், “ஒரு பாலாடைப் பாலக் குடுத்துப்போட்டோம்னு எங்கிட்டச் சொல்றதுக்கு, உங்க ரெண்டு பேருக்கும் அத்தன பயமாவா இருந்துச்சு?”